பாவடியில் எள்ளும் மைலும்

பாவு ஓட்டுவதை நெசவோடு சேர்த்துச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் தபால்காரர் வேலையோடு சேர்க்க வேண்டும், ஏனென்றால் அதில் கையைவிடக் காலுக்குத்தான் வேலை அதிகம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டையாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் தெருக்கோடியில் ஒரு பொட்டல். அதற்குப் பாவடி என்று பெயர். தரையில் ஜோடி ஜோடியாகப் பெரிய முளைகள் அடித்திருக்கும். ஒரு முளைக்கும் அதன் ஜோடிக்கும் இடையே பன்னிரண்டு முழம். இரண்டு கையிலும் நூல் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு முளைகளுக்கும் நடுவே பன்னிரண்டு மடக்கு நடந்தால், நூற்று நாற்பத்து நான்கு முழ நீளத்தில் இரண்டு இழை விழும். இப்படி ஆயிரம் நடை நடந்தால் ஒரு பாவு, அதாவது துணிக்கு நீளவாட்டில் ஓடும் நூல் அத்தனையும். நெசவாளி அதைத் தறியில் ஏற்றி, எட்டு முழ வேட்டியாகப் பதினெட்டு நெய்வார். கழிவுக்கும் சுருக்கத்துக்கும் விடுகிற நீளம் தனி.

நானும் நடந்தவள்தான், இடுப்பில் எட்டு மாதப் பாப்பாவோடு. கைக்குழந்தையோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. போகாதவர்கள் ஐந்து படி அரிசியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பொழுது நடந்து பாருங்கள். அந்த அரிசி நடுநடுவே அழவும் வேண்டும்.

அந்தச் சமயத்தில் அளவு பார்க்கிறவர் குமாரபாளையம் போய்விட்டார். முளையை அளந்து, மடக்கைக் கணக்கிட்டு, பாவு கொண்டுபோகிறவருக்கு நீளம் சொல்லி அனுப்புவதுதான் அந்த வேலை. வேப்பமர நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம். பக்கத்திலேயே தொட்டில் கட்டிக்கொள்ளலாம். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம், நான்கு முழம் ஒரு கோல், அப்படியே போய்க் காதம் வரை பழைய வாய்ப்பாடும் தெரியும். அங்குலம், கஜம், பர்லாங், மைல் என்று புது வாய்ப்பாடும் தெரியும். பாவடியை நடத்துகிற மேஸ்திரி அர்த்தனாரியிடம் போய்க் கேட்டேன். கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. "ஒரே ஒரு பாவு கொறையா வந்துச்சுன்னாலும் சரி அம்மிணி, அன்னைக்கே எந்திரிச்சு நடக்கோணும்."

நடந்த தூரம்

உட்கார்ந்த முதல் நாள் செய்த முதல் கணக்கு, இத்தனை நாள் எவ்வளவு நடந்தேன் என்பது. நூற்று நாற்பத்து நான்கு முழம் என்றால் எழுபத்திரண்டு கஜம். ஆயிரம் நடைக்கு எழுபத்தீராயிரம் கஜம். ஆயிரத்து எழுநூற்று அறுபதால் வகுத்தால் நாற்பத்தொரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஜோடி முளைக்கு நான்கு பெண்கள், நாளுக்கு ஒரு பாவு. ஆளுக்குப் பத்து மைல். பன்னிரண்டு முழத்துக்குள்ளேயே தினம் பத்து மைல்.

சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போய் முத்தாயி அக்காவிடம் சொன்னேன். பதினைந்து வருஷமாக நடக்கிறவர் அவர். நூலை விடாமல், நடையை நிறுத்தாமல், முழுக்கக் கேட்டார். ஒரு மடக்கு போய்த் திரும்பி வந்து சொன்னார்: "ஏனம்மிணி, இந்த ரெண்டு நாள் நடைய ரோட்டுல நடந்திருந்தா சேலம் போயி டாக்கி படம் பாத்துப்போட்டு, கரியில ஓடற பஸ்ஸுல திரும்பி வந்திருக்கலாமே!"

ஒரு முடி கனம்

எடப்பாடியிலிருந்து வந்து பாவு வாங்கிப் போகும் நெசவாளி ஒருவர், ஒரு தரம் பாவைத் தோளில் போட்டபடியே திரும்பி வந்தார். "நூல் ஒரு முடி கனம் ஏறிப்போச்சுங்க. மாத்திக் குடுங்க" என்றார். கனம் என்றால் தடிமன்; நீளத்தில் குறையில்லை என்று எனக்கு நிம்மதி. இருந்தாலும் வந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. எங்கள் வாய்ப்பாட்டில் எள்ளுக்குக் கீழேயும் உண்டு. எட்டு முடி ஒரு நுண்மணல், எட்டு நுண்மணல் ஒரு கடுகு, எட்டுக் கடுகு ஒரு எள். ஆக ஐந்நூற்றுப் பன்னிரண்டு முடி சேர்ந்தால்தான் ஒரு எள் கனம். பாவில் இரண்டாயிரம் இழை. இழைக்கு ஒரு முடி என்றாலும் இரண்டாயிரம் முடி. மொத்தமாகப் பார்த்தால் நான்கு எள்கூட ஆகாது.

"நாலு எள்ளு கனத்துக்காகவா எடப்பாடியிலிருந்து திரும்பி வந்தீங்க?" என்று சிலேட்டைக் காட்டினேன். அவர் மரியாதையாக வாங்கிப் பார்த்தார். தறியில் துணியின் அகலத்துக்கு வரிசையாக நிற்குமே, அந்த அச்சின் பற்கள், அவற்றில் ஒவ்வொரு இடுக்கிலும் ஒவ்வொரு இழை தனித்தனியாக நுழைய வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார்: "கணக்கு உங்க சிலேட்டுல நல்லாத்தான் போகுதுங்க, நூலு என் அச்சுல போகோணுமுங்களே."

யார் கை முழம்?

மல்லசமுத்திரத்துக்காரர் ஒருவர் ஆறடிக்கு மேல் உயரம். பாவை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் கையாலேயே முழம் போட்டுப் பார்த்திருக்கிறார். நூற்று முப்பதுகூட வரவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார். மேஸ்திரி எழுந்து வந்து என் பின்னால் நின்றார். தொட்டிலைப் பார்த்தார். அவர் போட்ட நிபந்தனை எனக்கு ஞாபகம் வந்தது.

மல்லசமுத்திரத்துக்காரர் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை என் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். இருபது அங்குலம். முழத்துக்குப் பதினெட்டுதான். "ஆண்டவன் உங்களுக்கு ரெண்டு அங்குலம் கூடக் குடுத்ததுக்கு நான் நூல் குடுக்க முடியுங்களா?" என்றேன். அவர் ஒப்பவில்லை. சரி என்று அவர் மனைவியை அளக்கச் சொன்னேன். அந்த அம்மாள் என்னைவிடக் குள்ளம். கை பதினாறு அங்குலம் இருந்தால் அதிகம். அந்த அம்மாளே நிதானமாக முழம் போட்டுக்கொண்டே போனார். நூற்று அறுபதைத் தாண்டிற்று. அந்த அம்மாள் பாவைச் சுருட்டிப் புருஷன் தோளில் வைத்தார்: "இனிமே பாவு வாங்க நான் வாரேனுங்க, நீங்க தூக்கறதுக்கு மட்டும் வாங்க, போதும்."

பாப்பாவின் பிரயாணம்

இது சின்னது. பாப்பா தவழ ஆரம்பித்த வாரம், ஒரு தவழலுக்குச் சரியாக ஒரு சாண் நகர்ந்தாள். கஜத்துக்கு நான்கு சாண். சேலம் பன்னிரண்டு மைல் என்று வைத்துக்கொண்டால் எத்தனை தவழல் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். எண்பத்து நாலாயிரத்து நானூற்று எண்பது. நடுவில் பால் குடிக்கிற நேரம், தூங்குகிற நேரம் எல்லாம் கழித்துத் தையில் கிளம்பினால் எப்போது போய்ச் சேருவாள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது முத்தாயி அக்கா குரல் கொடுத்தார்: "அவ சேலம் போறது இருக்கட்டும் அம்மிணி, வாய்க்குள்ள மண்ணு போயிட்டிருக்குது, மொதல்ல அத எடு!"

மூன்று முழம் எங்கே போயிற்று?

சடையப்பன் எங்கள் பக்கத்துத் தெரு நெசவாளி. மேஸ்திரியிடம் பாவு வாங்கி நெய்து, வேட்டியாகத் திருப்பிக் கொடுப்பவர். ஒரு நாள் பதினேழு வேட்டியையும் ஒரு துண்டையும் கொண்டுவந்து வைத்தார். பதினெட்டாவது வேட்டி ஐந்து முழத்திலேயே முடிந்துவிட்டதாம். மேஸ்திரி துண்டை எடுத்துப் பிரித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். "மூணு முழம் எங்கப்பா?" என்றார். "பாவே அவ்வளவுதானுங்க" என்றார் சடையப்பன்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். நோட்டைப் பார்த்தேன். நூற்று நாற்பத்து நான்கு முழம் என்று என் கையெழுத்தில் இருந்தது. சொன்னேன். அவ்வளவுதான், சடையப்பன் கள்ளன் என்று முடிவாகிவிட்டது. அறுத்து வைத்துக்கொண்டார் என்றார்கள். இனிமேல் அவருக்குப் பாவு கிடையாது என்றார் மேஸ்திரி. சடையப்பன் வீட்டில் ஒரே தறி. எங்கள் பாவை விட்டால் அதில் ஏற்ற வேறு பாவு இல்லை. அவர் வேப்பமரத்தடியில் போய்க் குந்திக்கொண்டார்.

எனக்கு ஒன்று உறுத்தியது. திருடுகிறவன் கடைசி வேட்டியிலா திருடுவான்? வேட்டிக்கு நான்கு விரல் குறைத்து நெய்தால் பதினெட்டு வேட்டியில் அதே மூன்று முழம் வந்துவிடும், ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பாவு ஓடின நாளை யோசித்தேன். அதற்கு முந்தின நாள் ராத்திரி மழை. வேறொரு பாவு முளையிலேயே நின்று நனைந்தது. காலையில் அதை எடுத்துவிட்டு, அதே முளையில் சடையப்பன் பாவை ஓட்டினார்கள். முளையை மறுபடி அளந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பாப்பாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். மடியை விட்டு இறங்கவில்லை. நான் எழுந்து போகவில்லை. முந்தின நாள் அளவையே எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு நூல் வரத்துக் குறைந்து, அந்த ஜோடி முளையில் வேறு பாவு ஓடவேயில்லை.

கோலை எடுத்துக்கொண்டு அந்த முளைக்குப் போனேன். ஈர மண்ணில் பாவு இழுத்த இழுப்பில் இந்த முளை உள்பக்கமாக மூன்று விரற்கடை சாய்ந்திருந்தது. அந்த முளையும் மூன்று விரற்கடை. மண் காய்ந்து, சாய்ந்தபடியே இறுகியிருந்தது. நின்று பார்த்தால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. பன்னிரண்டு முழம் இருக்க வேண்டிய இடத்தில் பதினொரு முழமும் ஒன்றரைச் சாணும். மடக்குக்கு ஆறு விரற்கடை குறைவு. பன்னிரண்டு மடக்குக்கு எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு விரல் என்றால் ஆறு சாண். ஆறு சாண் என்றால் மூன்று முழம்.

இவ்வளவு சரியாக வருகிற கணக்கை நான் அதுவரை போட்டதில்லை. முளைப் பக்கம் யாரும் இல்லை. கோல் என் கையில், கணக்கு என் மனசில். ஒரு கல்லை எடுத்து நாலு தட்டுத் தட்டினால் முளை நிமிர்ந்துவிடும். பாப்பா தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தூங்குவதை அங்கிருந்தே கொஞ்ச நேரம் பார்த்தேன். வேப்பமரத்தடியில் சடையப்பன் துண்டைத் தானே முழம் போட்டுக்கொண்டிருந்தார், ஐந்து ஐந்தாகவே வந்துகொண்டிருந்தது போல.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கோலை வைத்துக் காட்டினேன். "தப்பு என்னுதுங்க. மழைக்கு அப்பறம் நான் அளக்கலைங்க" என்றேன். அவர் இரண்டு முளையையும் காலால் ஒரு தரம் உதைத்துப் பார்த்தார். சடையப்பனைக் கூப்பிட்டு மறுநாளே வேறு பாவு தருவதாகச் சொன்னார். பிறகு என்னிடம், "சொன்ன சொல்லு சொன்னதுதான் அம்மிணி. இந்த அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரைக்கும் நட. அது வரைக்கும் நானே அளந்துக்கறேன். அப்பறம் வந்து உக்காரு" என்றார்.

சடையப்பன் போகவில்லை. துண்டைச் சுருட்டியபடி நின்றார். கோபப்படுவார், பட்டுக்கொள்ளட்டும் என்று நானும் நின்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஏனுங்கம்மிணி, அந்த மூணு முழம் எவ ஊட்டுக்குப் போச்சுன்னு என் ஊட்டுக்காரி மூணு நாளா கஞ்சி ஊத்தாம கேக்கறாளுங்க; சிலேட்டோட ஒரு எட்டு வந்து அவளுக்கும் இந்தக் கணக்கச் சொல்லிப்போடுங்க."

அந்த மாதம் இருபத்தாறு நாள் வேலை, நாளைக்குப் பத்து மைல், இடுப்பில் பாப்பா. ஆகவே ஆறு விரற்கடைக்கு எத்தனை மைல் என்று யாராவது கேட்டால், எந்த வாய்ப்பாட்டிலும் இல்லாவிட்டாலும் இருநூற்று அறுபது என்று நான் யோசிக்காமல் சொல்லுவேன்.