இருபத்திரண்டு முழம்

என் அத்தையின் குரல் ஒருவருக்கும் கேட்காமல் போனதற்குக் காரணம் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பாவும் அம்மாவும் தம்பியை மட்டும் கூட்டிக்கொண்டு பம்பாய்க்குப் போய்விட்டார்கள். பெண்பிள்ளை தமிழில் படிக்கட்டும் என்று என்னை ராஜபாளையத்தில் பெரியப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். பெரியப்பாவுக்குக் காயம் கட்டும் துணி நெய்கிற தறிகள் இருந்தன. வீட்டில் எப்போதும் பத்துப் பேர் இருப்பார்கள், ஆனால் என்னோடு பேச யாருக்கும் நேரம் இருக்காது. ஒருமுறை நான் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்து, தொட்டி வழிந்து, நூல் மூட்டைகள் நனைந்துவிட்டன. "இன்னொரு தடவ உன்னப் பத்தி ஏதாச்சும் காதுல விழுந்துச்சு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஹாஸ்டல்ல கொண்டுபோய்த் தள்ளிருவேன்" என்றார் பெரியப்பா. அவர் சொன்னால் செய்கிறவர்.

அந்த வீட்டில் என்னைப் போலவே ஒட்டாமல் இருந்தவள் அத்தை. பெரியப்பாவின் கடைசித் தங்கை. முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட் வேலை. சொந்தமாக ரேடியோ செய்து முகம் தெரியாதவர்களோடு பேசலாம், அதற்கு ஹாம் ரேடியோ என்று பெயர் என எங்கோ படித்திருக்கிறாள். சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்டித் தட்டியே தந்திமொழி படித்து, மதுரையில் பரீட்சை எழுதி, லைசென்சும் வாங்கிவிட்டாள். டில்லியிலிருந்து வந்த அந்தக் காகிதத்தைப் பெரியப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்பட அதில் ஒன்றும் அகப்படவில்லை போலும், அவளிடமே கொடுத்துவிட்டார்.

ரேடியோப் பெட்டியை அவளே பற்றவைத்துச் செய்தாள். ஏரியலுக்குச் செம்புக் கம்பி, மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து வந்தது. மாடியில் ஒரு மூங்கில் கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கம்பியைச் சரித்துக் கட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் பத்து மீட்டர். லேபில் இருந்த மரஸ்கேலில் தன் கையை வைத்துப் பார்த்து, தன் முழத்துக்கு இருபத்திரண்டு வரும் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஒரு பக்கத்தை அளந்து வெட்டினாள். அதற்குள் பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

"ஏட்டி, இதே மாதிரி இன்னொண்ணு வெட்டி வையி. இருபத்திரெண்டு முழம்."

வெட்டிய கம்பியைப் பக்கத்தில் போட்டு வெட்டியிருக்கலாம். எனக்கோ அத்தை மாதிரியே முழம் போட்டு அளக்க ஆசை. முழங்கையை மடக்கி மடக்கி இருபத்திரண்டும் எண்ணி, ரொம்பப் பெருமையாக வெட்டினேன். மாலையில் அதன் நுனியில் நைலான் கயிறு முடிந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டியதும் நான்தான். குறைந்ததைக் கயிறு சரிக்கட்டிவிட்டது.

பெட்டியைப் போட்டதும் மதுரை கேட்டது, கோயம்புத்தூர் கேட்டது, இலங்கைகூடக் கேட்டது. அத்தை கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. தினமும் பெட்டியைத் திறந்து, வைத்த பற்றையே மறுபடி மறுபடி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குறதுக்கு எந்தக் கம்பியும் போதும்ட்டி. நம்ம பேச்சுப் போய்ச் சேரணும்னாத்தான் அளவு சரியா இருக்கணும். கம்பி சரியாத்தான இருக்கு, வேற எங்கயோ கோளாறு."

அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மாடியில் கம்பமும் கம்பியுமாகப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று பெரியப்பாவுக்குக் கவலை. அத்தை முதல்முறையாக அவரிடம் கெஞ்சினாள். "சரி, ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒருத்தனாச்சும் உனக்குப் பதில் சொன்னாம்னா நிக்கட்டும். இல்லாட்டிக் கழத்திரணும்" என்றார்.

வியாழக்கிழமை பூக்காரிக்குக் காய்ச்சல் என்று அவள் மகள் கூடையோடு வந்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் அளந்த பூவைப் பெரியம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்கையால அளந்தா அது முழமாட்டி? போய் ஒங்க ஆத்தாள வரச் சொல்லு" என்றாள்.

நான் என் முழங்கையைப் பார்த்தேன். மாடிக்கு ஓடி அண்ணாந்து பார்த்தேன். தொட்டிப் பக்கம் கம்பி பாதியில் முடிந்து கயிறுதான் நீளமாகப் போயிருந்தது. சொல்லிவிட இன்னும் மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் நான் ஹாஸ்டலையே நினைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல ரேடியோவில் நாலைந்து ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மருமகளுக்குப் பிரசவம் என்றார், இன்னொருவர் இரண்டு நாளாக மழை என்றார். அவர்கள் வீட்டுச் சங்கதி எல்லாம் அத்தைக்கு அத்துப்படி. அவர்களுக்கோ இப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. இடைவெளி விழும்போதெல்லாம் அவள் லைசென்சில் தனக்குக் கொடுத்திருந்த அடையாள எழுத்துக்களைச் சொல்லிக் கூப்பிட்டாள். பெரியப்பா அறை வாசலில் வந்து நின்றார்.

அப்போது மதுரைக்காரர் சொன்னார்: "நம்ம பேச்சுக்கு அடியில யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கு. ஒண்ணும் புரியல. திரும்பக் கூப்பிடுங்க."

அத்தை எழுந்து நின்றே கூப்பிட்டாள். நான்கு முறை கூப்பிட்டாள். கடைசியில் குரல் உடைந்தது.

"இல்ல, போயிட்டாங்க போல" என்று சொல்லி அவர்கள் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

"அது பதில் இல்லம்மா" என்றார் பெரியப்பா, கொஞ்சம் இறங்கிய குரலில்தான். "கழத்திரு. அவிய பத்து மணிக்கெல்லாம் வந்துருவாவ."

கம்பத்தைச் சாய்த்ததும் அத்தை கம்பியைச் சுருட்ட உட்கார்ந்தாள். இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது. தொட்டிப் பக்கத்துக் கம்பி இழுத்துக்கொண்டு நிற்க, மறுபக்கம் தரையில் வளைந்து கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன, கம்பியில கோளாறா?" என்றார் பெரியப்பா. "அப்படின்னாச் சொல்லு. அவிய போன பொறவு இன்னொரு வாரம் கட்டிப் பாரு. எவன் வெட்டுனது?"

அத்தை கம்பியை வேகமாகச் சுருட்டினாள். "கம்பி சரியாத்தான் இருக்குண்ணே. மிஷின்தான் எனக்குச் சரியா வரல."

எனக்குப் போன உயிர் திரும்பியது. வந்தவர்களுக்கு அத்தையைப் பிடித்துப்போய், ஆவணியில் கல்யாணமும் முடிந்தது. அந்தப் பெட்டியை அவள் பிறகு தொடவேயில்லை. நான் பள்ளிப்படிப்பு முடியும்வரை பெரியப்பா வீட்டிலேயே இருந்தேன்.

அன்று நான் கீழே ஓடி, வந்தவர்களுக்குச் செய்த கேசரியில் இரண்டு கரண்டி வாங்கித் தின்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அளந்து கொடுக்கிறவள், கையில் பிடித்த கம்பி குட்டையாக இருப்பதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாமல் இருக்கிறாளே, இவளுக்கு எப்படி யாராவது பதில் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.