ஐந்தாவது பிரிவும் இரண்டு பறிகளும்

தோணிரேவுப் பக்கத்து உப்பேரியில் கையால் எறா, அதாவது இறால், பிடிக்கிறவர்களுக்கு ஒரே சட்டம்தான்: தண்ணீருக்குள் வாயைத் திறக்காதே. இரண்டு கையும் சேற்றைத் துழாவும். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியின் கயிறு பல்லில் இருக்கும். வாய் திறந்தால் பறி போச்சு, எறாவும் போச்சு. ஒருமுறை நண்டு கடித்து ரத்தம் வந்தபோதும் என் அம்மா கயிற்றை விடவில்லை. கரையேறிய பிறகுதான் நண்டின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தாள்.

எனக்கு அந்தப் பொறுமை ஏது? கல்லூரிக் கடைசி ஆண்டு வாய்மொழித் தேர்வில், வேதியியலின் முக்கியப் பிரிவுகள் ஐந்தைச் சொல்லச் சொன்னார் தேர்வாளர். முதலாண்டுக் கேள்வி! நான்கைச் சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தேன். "திங்கட்கிழமை மறுபடி வாம்மா. அதுதான் கடைசி வாய்ப்பு" என்றார். தவறினால் பட்டம் இல்லை. வெட்கத்தில் செத்தேன். புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் அந்த ஐந்தாவது மட்டும் மனசில் நிற்கவில்லை.

ஞாயிறு காலை அம்மாவோடு ஏரியில் இறங்கினேன். கயிற்றைக் கடித்தபடி மனசுக்குள் ஒப்பித்தேன். கார்பன் சேர்மங்களைப் படிப்பது கரிம வேதியியல்; படகுக்கு ஊற்றும் டீசல் அதில் வரும். உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் கனிம வேதியியல். ஐஸில் வைத்த எறா ஏன் மெதுவாகக் கெடுகிறது, வெப்பம் வினையை எப்படி விரட்டுகிறது என்று பார்ப்பது இயற்பியல் வேதியியல். இந்தத் தண்ணீரில் என்னென்ன, எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பகுப்பாய்வு வேதியியல். ஐந்தாவது... சனியனே, ஐந்தாவது? கைக்குள் பெரிய எறா ஒன்று துள்ளியது. அட, உயிர்!

"உயிர்வேதியியல்!" என்று கத்தினேன்.

கயிறு நழுவி என் பறி கவிழ்ந்தது. காலை முழுக்கப் பிடித்ததெல்லாம் கலங்கல் தண்ணீரில் ஓடிவிட்டது. அம்மா வாயில் கயிறு, திட்டவும் முடியவில்லை. கண்ணை உருட்டி "ம்ம்ம்! ம்ம்ம்!" என்றாள். எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

கரையில் பறியை வைத்ததும் ஆரம்பித்தாள். "இன்னாடி படிப்பு இது? அவ்ளோ எறாவையும் ஏரிக்கே தாரை வாத்துட்டியே! நாளிக்கி அதையாவது மறக்காம சொல்லு. இல்லன்னா ஊட்டுக்கு வராத."

திங்கட்கிழமை ஐந்தாவதையே முதலில் சொன்னேன். உயிருள்ளவற்றுக்குள் நடக்கும் வேதியியல் என்றேன். தேர்வாளர் எடுத்துக்காட்டு கேட்டார். எறாவின் ஓட்டில் புரதம் பிடித்து மறைத்து வைத்திருக்கும் சிவப்பு நிறமி, வேகும்போது விடுபடுவதைச் சொன்னேன். சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஏரிக்கு ஓடினேன். தண்ணீரில் குந்தியிருந்த அம்மா, பல்லில் கயிறோடு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"பாஸும்மா!"

"அடி என் கண்ணு!" என்று அம்மா கத்தினாள். பறி கவிழ்ந்து எறாவெல்லாம் ஓடின. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.