செல்வநாயகி படலையடியில் வைத்த அருவதா

அருவதாச் செடிக்குக் கசப்பும் அதிகம், ரோசமும் அதிகம் என்பார்கள். குழந்தைக்குச் சளி கட்டினால் இலையைக் கசக்கித் தாய்ப்பாலில் ஒரு சொட்டு விடுவார்கள். நாவூறு, கண்ணூறு படாமல் பிள்ளை கிடக்கும் ஏணைக் கயிற்றில் ஒரு கொப்புக் கட்டுவார்கள். மாதவிலக்கான பெண் கிட்டப் போனால் செடி கருகிவிடுமாம். அப்படி நிழலுக்கே சாகிற செடி சளியை எப்படி விரட்டும் என்று அச்சுவேலியில் ஒருவரும் கேட்கவில்லை. செல்வநாயகி கேட்டாள். கேட்டதற்கு வாங்கியும் கட்டிக்கொண்டாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் சீதன வீடு இல்லாமல், புருஷன் நாகலிங்கத்தின் வீட்டுக்கே வாழ வந்தவள். மாமியார் தங்கமுத்துவின் அருவதாச் சட்டி கிணற்றடியில் இருந்தது. விலக்கு நாட்களில் செல்வநாயகி வீட்டின் பின்னால், கோடிப்பக்கத்தால் சுற்றித்தான் போவாள். அப்படியும் செடி பட்டுப்போனது.

"உவள்தான் கிட்டப் போனவள். உவளின்ரை கையிலை பிள்ளையளைக் குடுக்காதையுங்கோ" என்று தங்கமுத்து ஒழுங்கை முழுக்கச் சொன்னாள். பிள்ளையில்லாதவளுக்கு அது எப்படிச் சுட்டிருக்கும்! ஒரு வீட்டிலும் அவளிடம் குழந்தையை நீட்டவில்லை.

செல்வநாயகி செத்த செடியைப் பிடுங்கிக் காட்டினாள். "வேர் அழுகிக் கிடக்கு மாமி. தீட்டுக் கழிக்கவெண்டு நீங்கள் மாதாமாதம் வாளி வாளியாய் மஞ்சள் தண்ணி வார்த்தியள். அதுதான் செத்தது."

"வாய் காட்டாதை!"

நாகலிங்கம் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான். அந்த மனுசன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

செல்வநாயகி உடைந்த சட்டியில் மணல் நிரப்பி வாசல் படலையடியில் தன் அருவதாவை வைத்தாள். விலக்கு நாட்களில்தான் அதற்குத் தண்ணீர் தெளித்தாள். "இண்டைக்கு நான் விலக்கு. கருகுதோ எண்டு நிண்டு பாருங்கோ" என்று போகிறவர்களை மறித்துச் சொன்னாள். ஆம்பிளைகள் குடையைச் சரித்துக்கொண்டு ஓடினார்கள். செடியோ புதராய் மண்டியது.

நாகலிங்கத்தின் தங்கை அருந்ததி தலைப்பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்தபோது குழந்தைக்கு நெஞ்சுச் சளி. தங்கமுத்து வைத்த புதுச் செடியும் அழுகிப் போயிருந்தது. தாயும் மகளும் பிள்ளையோடு படலையடிக்கு வந்தார்கள்.

"ஒரு கொப்பு முறிச்சுத் தா பிள்ளை."

"இண்டைக்கு நான் விலக்கு மாமி."

"தெரியும். தா."

முறித்துக் கொடுத்தாள். கொடுத்த கையை மடக்கவில்லை. மற்றக் கையையும் நீட்டினாள்.

"நான் முறிச்ச கொப்பு பிள்ளைக்கு ஆகுமெண்டால் நானும் ஆவன். பிள்ளையைத் தாங்கோ."

தங்கமுத்து ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அருந்ததி ஒரு பக்கமும் பார்க்கவில்லை. பிள்ளையை மச்சாளின் கையில் வைத்தாள்.