அப்பாவின் கண்ணும் என் கண்ணும்

அப்பாவின் வலது கண்ணில் மூக்குப் பக்கமாக ஒரு சதை வளர்ந்திருந்தது. இளநீர் வழுக்கையைக் கிள்ளி ஒட்டியதுபோல இருக்கும். மேலே சிவப்பு நூல்கள் ஓடும். நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, அம்மாதான் அவரைப் பிடிவாதமாக நாகர்கோவில் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பயப்படும்படியான கட்டி இல்லை, வருஷக்கணக்காக வெயிலும் உப்புக்காற்றும் பட்டு வளர்ந்தது, கருமணியை மறைக்க வராதவரை அறுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணைக் கசக்கக் கூடாது, சொட்டு மருந்து விட வேண்டும், கடலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட வேண்டும், அவ்வளவுதான். கத்தியிலிருந்து தப்பிய சந்தோஷத்தில் அப்பா பஸ் ஸ்டாண்டிலேயே கண்ணாடி வாங்கிவிட்டார்.

எங்கள் இனயம் கரையில் கறுப்புக் கண்ணாடிக்கு இரண்டே அர்த்தம்தான். ஒன்று, போட்டவர் கல்யாண மாப்பிள்ளை. இல்லையென்றால் அவருக்குக் கண்நோவு. அப்பாவுக்குக் கல்யாணம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அப்பா மீன்பிடிக்கப் போகும் வள்ளம் அம்மாவின் அண்ணனுடையது. என் மாமா. முந்தைய வருஷம் சாளை மீன் கொழித்த சமயத்தில் ஒருவருக்கு வந்த கண்நோவு எல்லோருக்கும் தொற்றி, வள்ளம் மணலில் கிடந்தது. அந்தப் பயம் மாமாவுக்கு.

"மாப்ள, நோவு மாறுன பொறவு வா. இப்ப ஏறண்டாம்."

"இது ஒட்டுக நோவு இல்ல மச்சான், சதையாக்கும்" என்று அப்பா கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். பஸ் தூசியில் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள்.

"ஒடம்புல வளராத சதை கண்ணுலயா வளருது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அப்பா ஒல்லி.

அப்பா கடலுக்குப் போகாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. விஷயம் கேட்டு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். நானோ நாலு பேர் பார்த்தால் அம்மாவின் சேலைக்குள் ஒளிகிற பிள்ளை.

"நான் தெனமும் இவரு மொகத்துலதான முழிக்கேன். எனக்கு வந்திச்சா அண்ணே?"

"நீ அவனுக்க பெண்டாட்டி. கண்ணு அவிஞ்சாலும் இல்லன்னுதான் சொல்லுவ."

அம்மா என்னைத் தூக்கி அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "நல்லா பாரு மக்கா." பிறகு மாமாவிடம், "இவளுக்க கண்ணு செவந்தா இவரு வரண்டாம். செவக்கலன்னா ஞாயிறு கழிஞ்சு ஏத்தணும்" என்றாள்.

அன்றிலிருந்து நான் பெரிய ஆளாகிவிட்டேன். காலையில் மாமா வந்து, "ஏட்டி, கண்ணக் காட்டு" என்று, மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல என் இமையைத் தூக்கிப் பார்ப்பார். முகத்துக்குச் சோப்பு கிடையாது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது, மணலில் விளையாடக் கூடாது. உதட்டைக் கொஞ்சம் பிதுக்கினால் போதும், நேந்திரங்காய் வத்தல் கைக்கு வந்துவிடும். என்னைக் கிள்ளிய அண்ணனுக்கு அடி விழுந்தது. அவன் கோலிக்குண்டுகளையும் பிடுங்கி எனக்கே கொடுத்தார்கள். பூசையை ஒருநாளும் பாதியில் விடாத அம்மா, அந்த ஞாயிற்றுக்கிழமை தூபம் புகைந்ததும் என்னை வாரித் தூக்கிக்கொண்டு கோயிலைவிட்டு வெளியே ஓடினாள்.

திங்கட்கிழமை மாமா இரண்டு கண்ணையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ள வெளேர்னு இருக்கு. வா மாப்ள" என்றார். அப்பா தொப்பி வைத்து, கண்ணாடியை அலை பறிக்காமலிருக்கத் தூண்டில் தங்கூஸ் நரம்பால் பின்தலையில் கட்டிக்கொண்டு ஏறினார். அந்தச் சதை இன்றுவரை கருமணிப் பக்கம் போகவில்லை.

வள்ளம் அலையைத் தாண்டியதும் நான் வத்தல் கேட்டேன். இல்லை என்றாள் அம்மா. உதட்டைப் பிதுக்கினேன். அவள் கண்டுகொள்ளவே இல்லை. மணலில் விழுந்து கத்தி அழுதேன்.

"அழு மக்கா, இனி நல்லா அழு" என்று சொல்லி அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் தன் கண்ணைத் துடைத்தாள். ஒரே காலையில் என்மேல் இருந்த பிரியமெல்லாம் எப்படித் தீர்ந்துபோனது என்று விளங்காமல், நான் இன்னும் சத்தமாக அழுதேன்.