பீப்பக்காவின் வலது காது

பிள்ளைகள் அவளைப் பீப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "பீப்னு சின்னதா ஒரு சத்தம் வரும், கேட்டதும் கையைத் தூக்கணும்" என்று சொல்லி ஆரம்பிப்பாள் என்பதால் வந்த பெயர். ஆள் கொஞ்சம் பருமன். அதனால் வாலுகள் அதைப் பீப்பாயக்கா என்று நீட்டுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. காலிப் பீப்பாயாக இல்லாதவரைக்கும் சரி என்பாள்.

இளம் வயதில் அவள் நூல் ஆலையில் வேலை பார்த்தவள். இயந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதைக் காதால் கேட்க முடியாது. உதட்டைப் பார்த்துத்தான் ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். ஆலையை மூடியபின், மருந்துக்கடைக்கு மேலே இரண்டே அறைகளில் நடந்துகொண்டிருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தாள். அரசுப் பள்ளிகளுக்குப் பாட்டும் நாடகமும் விளையாட்டும் சொல்லித்தர ஆள் அனுப்புவார்கள். கண், பல், காது பரிசோதனையும் உண்டு. காது பார்க்கிற பெண் கல்யாணமாகிப் போய்விட, நிறுவனத்தை நடத்தும் மேடம் இவளைப் பயிற்சிக்கு அனுப்பினார். பிள்ளைகளை உட்கார வைக்கும் வித்தை இவளுக்குத் தெரிந்திருந்தது. அடம்பிடிக்கும் பிள்ளைகூட இவள் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு பீப் சத்தத்துக்காகக் காத்திருக்கும்.

தினமும் முதல் பிள்ளையைக் கூப்பிடும் முன், மிஷினைத் தானே மாட்டிச் சோதிக்க வேண்டும் என்பது விதி. கட்டைக் குரல் போன்ற தடித்த சத்தத்திலிருந்து கீச்சென்ற மெல்லிய சத்தம் வரை, இரண்டு காதிலும். வருடக்கணக்காகப் பல் துலக்குவது போலச் செய்துவந்த வேலை அது.

அன்றைக்கு ஒரு பள்ளியின் நூலகத்துக்குப் பின்னாலிருந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். இடது காதில் எல்லாம் சரியாக வந்தது. வலது காதில் மெல்லிய சத்தத்துக்கு வந்ததும் ஒன்றுமே இல்லை. பொத்தானை மறுபடி அழுத்தினாள். விளக்கு மட்டும் எரிந்து அணைந்தது. வயரை உருவிச் செருகினாள், ஜன்னலைச் சாத்தினாள். சத்தத்தை ஒரு படி ஏற்றினாள், இன்னொரு படி ஏற்றினாள். அப்போதுதான் எங்கேயோ தூரத்தில் கொசு போலக் கேட்டது.

கோளாறு மிஷினிலா காதிலா என்று தெரிந்துகொள்வது பெரிய வித்தை இல்லை. ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி மாட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அது. அவள் கை ஹெட்போன் வரைக்கும் போயிற்று. திருப்பவில்லை. மிஷினுக்கு வயசாகிவிட்டது, வலது பக்கம் பலவீனமாகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வலது பக்கத்துக்கு மட்டும் இரண்டு படி கூட்டி வைத்து வேலையைத் தொடங்கிவிட்டாள்.

அவளுக்குப் பயம் இல்லாமலில்லை. ஆலையில் பக்கத்தில் நின்ற தோழி ஒருத்திக்குக் காது போய்ப் பல வருடமாகிறது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யார் என்ன சொன்னாலும் சிரித்தபடி உட்கார்ந்திருப்பாள். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் அப்படிச் சிரித்துவைத்து, அதன்பின் வெளியே வருவதையே விட்டுவிட்டாள். அந்தச் சிரிப்பு பீப்பக்காவின் கண் முன்னால் வந்து நின்றது. காது கேட்காதவளைக் காது பரிசோதிக்க யார் வைத்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு அதற்குப் பின்னாலேயே வந்தது.

அன்று இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு சிறுமி வந்தாள். அழைத்துவந்த டீச்சர், சொன்ன பேச்சே கேட்காத திமிர் பிடித்தது என்று அறிமுகப்படுத்திவிட்டுப் போனார். இடது காதுக்கு அவள் உடனுக்குடன் கையைத் தூக்கினாள். வலது காதுக்குத் தடித்த சத்தம் ஒன்றோடு சரி. மற்றதற்கெல்லாம் பீப்பக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே ஏதாவது விடை எழுதியிருக்கும் என்பது போல. கூட்டி வைத்த பிறகும் கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டியதுதான். ஆனால் மிஷின்தான் கெட்டிருக்கிறது என்று காலையில் முடிவு கட்டியாகிவிட்டதே. மறுபடி பார்க்க வேண்டும் என்று குறித்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

அந்தப் பள்ளி முடிந்தது. அடுத்த பள்ளியும் முடிந்தது. வீட்டில் அவள் கணவர், பஸ் டிப்போவில் மெக்கானிக், "உனக்கு வேண்டியது மட்டும் நல்லாக் கேக்கும்" என்று வழக்கம்போலக் கிண்டல் செய்தார். முன்பெல்லாம் பதிலுக்கு ஏதாவது சொல்வாள். இப்போது சுருக்கென்றது. அவர் பேசும்போது உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, தனக்குள் கூசினாள். 

ஒருநாள் நிறுவனத்தின் பாட்டு மாஸ்டருக்கு ஆர்மோனியம் கொண்டுபோகும் வேனில் அவளும் ஏறி, சிறுமி படிக்கும் அந்த முதல் பள்ளிக்குப் போனாள். மிஷினும் கூடவே இருந்தது. வராந்தாவில் அந்தச் சிறுமி வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லையாம். ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள் பீப்பக்கா. சிறுமியின் இடம் இடதுபக்கச் சுவரோரம். வகுப்பு முழுவதும், டீச்சரும் சேர்த்து, அவளுக்கு வலது பக்கம்.

அவள் சிறுமிக்குப் பின்னால் வலது புறமாக நின்று, மெதுவாக, "கண்ணு" என்றாள். குழந்தை சுவரில் நகத்தால் ஏதோ கீறிக்கொண்டிருந்தது. இடது புறமாக வந்து அதையே சொன்னாள். குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

பீப்பக்கா நேராகப் பாட்டு மாஸ்டரைத் தேடிப் போய், ஒரு நிமிடம் உட்காரும்படி சொல்லி, ஹெட்போனை மாட்டினாள். தன் காதை நம்பி இதில் எதையும் முடிவு செய்ய அவளுக்குத் தைரியமில்லை. வலது பக்கத்தைப் பழைய அளவுக்கே இறக்கிவைத்தாள். இந்த மனிதருக்கும் கேட்கக்கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. மிஷின் கெட்டிருந்தால் பழுது பார்த்துக்கொள்ளலாம்.

பொத்தானை அழுத்தினாள். மாஸ்டரின் விரல் உயர்ந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி உயர்ந்தது. பாட்டுக்காரருக்குப் பெருமை வேறு. இன்னும் குறைத்துப் பார்க்கச் சொன்னார். குறைத்தாள். விரல் உயர்ந்தது.

"என்னக்கா, மிஷின் நல்லாத்தானே இருக்கு?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு, மாஸ்டர். எனக்குத்தான் கேக்கல."

அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.  மேடத்திடம் சொல்ல வேண்டுமானால் தானும் கூட வருவதாகச் சொன்னார். அவள் தானே போவதாகச் சொல்லிவிட்டாள்.

மருந்துக்கடை மாடிப்படி அன்றைக்கு ஏற ஏறத் தீரவேயில்லை. மேடம் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, கூட்டி வைத்து எத்தனை பள்ளியில் பார்த்தாள் என்று மட்டும் விசாரித்தார். இரண்டு என்றாள். சத்தத்தைக் கூட்டி வைத்தால், லேசாகக் காது மந்தமான பிள்ளைகூடக் கையைத் தூக்கிவிடும். அது இருவருக்குமே தெரியும்.

"ரெண்டு ஸ்கூல்லயும் எல்லாப் பிள்ளைங்களையும் திரும்பப் பார்க்கணும். நீங்களே போய்ப் பாருங்க. காலைல மிஷின் செக் பண்ண மாஸ்டர் வருவார்."

"என்னை வேலையை விட்டு அனுப்பிடுவீங்கன்னு நினைச்சேன் மேடம்."

"இப்போ நீங்க சொல்லிட்டிருக்கும்போது அதையும் யோசிச்சேன். நம்ம நிர்வாகக் கமிட்டிகிட்ட சொல்லித்தான் ஆகணும். அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

அன்று சாயங்காலமே சிறுமியின் வீட்டுக்குப் போனாள். தாய் ஆயத்த ஆடைக் கம்பெனியில் பட்டன் தைப்பவள், அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். வலது காதை டாக்டரிடம் காட்ட வேண்டும், செலவை நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று பீப்பக்கா சொல்லி முடிக்கும்வரை அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வேணும்னே கேக்காத மாதிரி இருக்காளேன்னு அடிச்சிருக்கேன்" என்றாள். பிறகு, "உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

இன்றைக்கு என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான் அது. பீப்பக்கா மீதியையும் சொன்னாள்.

"முதல் தடவை பார்த்த அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும்மா. மிஷின் மேல பழியைப் போட்டுட்டேன். எனக்கும் அதே காதுதான் போயிருக்கு. அதை ஒத்துக்கப் பயமா இருந்துச்சு."

தாய் அவளை உட்காரச் சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். பீப்பக்கா படியிறங்கும்போது, உள்ளே குழந்தையிடம் அவள் ஏதோ பேசும் குரல் வந்தது. என்ன என்று பிரித்துத் தெரியவில்லை.

திரும்பப் பார்த்ததில் முதல் பள்ளியில் யாரும் புதிதாக அகப்படவில்லை. இரண்டாவதில் ஒரு பையன் அகப்பட்டான். முதல் தடவை எல்லாம் சரி என்று அவள் அனுப்பிவைத்தவன். காதில் சீழ், மருந்திலேயே ஆறிவிடும் என்றார் டாக்டர். இருந்தாலும் அன்றைக்கு முழுவதும் அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிள்ளைகளின் முகங்களெல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

கணவரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கிண்டல் அன்றோடு நின்றது. அதுவும் அவளுக்கு என்னவோ போலிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அவரும் வந்தார். கண்ணாடி பதித்த சின்ன அறைக்குள் அவளை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். எதிரே கண்ணாடிக்கு அப்பால் ஒரு இளம்பெண் பொத்தான்மேல் விரல் வைத்திருந்தாள். அமைதி நீண்டுகொண்டே போனபோது, கேட்காமலே கையைத் தூக்கிவிடலாமா என்று தோன்றியது. கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பக்கூடச் செய்தது. பிறகு இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடினாள்.

இயந்திரத்தின் பக்கமாகவே இருந்த வலது காது ஆலைச் சத்தத்தில் போனது, திரும்பாது. இடது காதிலும் தேய்மானம் தொடங்கியிருக்கிறது, வருடா வருடம் வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். காதுக் கருவி ஒன்று மாட்டிக்கொண்டாள். முதல் வாரம் பாத்திரம் வைக்கிற சத்தமெல்லாம் இடி மாதிரி விழுந்தது. காலையில் மிஷினை வேறொருவர் சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கமிட்டி அவளை வைத்துக்கொண்டது. அடுத்த வருடமும் வைத்துக்கொள்வார்களா என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சிறுமிக்கு வலது காது நரம்பு பிறவியிலேயே பலவீனம். அவளை வலதுபக்கச் சுவரோரம் மாற்றி உட்கார வைத்தார்கள். இப்போது வகுப்பு முழுவதும் அவளுக்கு இடது பக்கம். டீச்சர் அதன்பின் திமிர் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால், நாள் முழுக்கப் பேசிப் பேசிக் கழுத்தை அறுக்கிறாள் என்று புதுப் புகார் ஒன்றைப் பீப்பக்காவிடம் வைத்தார்.