ஒரு நாள் பொறுக்காத பெட்டி

மாலை நான்கு பத்துக்கு எங்கள் ஏசி லாரி ஓசூர் அருங்காட்சியக வாசலில் நின்றபோது, கம்பெனிச் சீருடையில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஓர் அம்மாவைத்தான் முதலில் பார்த்தேன். சூளகிரிக்காரர். இறந்துபோன அவர் மகள் தன்னையே வரைந்த நீர்வண்ணப் படம், பெங்களூரில் முடிந்த கண்காட்சியோடு வந்திருந்தது.

“சார், ஒரு தடவ காட்டுங்க. பாத்து அஞ்சு மாசமாச்சு. நாளையிலருந்து எனக்கு லீவு கெடையாது.”

குளிரில் வந்த பெட்டி அறைச் சூட்டுக்குப் பழக வேண்டும். ஒரு நாள் திறக்கக் கூடாது. அந்த விதியை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

“வேணாம் சார். இப்ப பாவம் பாத்தா, நாளைக்கு நாமதான் பாவம்,” என்றார் லாரி டிரைவர்.

திறந்தேன். அந்த அம்மா சிரித்தார். “மூக்கப் பாருங்க, அப்படியே அவங்கப்பாது!”

சில நிமிடங்களில் படத்தை மூடியிருந்த கண்ணாடியின் உட்புறம் வியர்த்தது. சட்டத்தைக் கழற்ற ஸ்குரூடிரைவர் தேடினேன். அதற்குள் ஒரு துளி இறங்கி, வலது கண்ணின் கறுப்பைக் கன்னம்வரை இழுத்துவிட்டது.

“தண்ணி சார், தொடைங்க!” என்றவர், தன் சீருடைக் கையால் கண்ணாடியின் வெளிப்புறத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

இரக்கத்தில் செய்தேன் என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். விதி அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கண்காட்சி அடுத்து சேலத்துக்குப் போனது. அந்தப் படம் சூளகிரிக்குப் போனது.