மூன்றாம் படிக்காக எழுதிய கடிதங்கள்

மழை விட்ட காலையில் ஈரச் சிமெண்டும் பாசியும் கலந்து எழும் ஒரு புளித்த வாடை உண்டு. அது மூக்கில் ஏறும்போதெல்லாம் இன்றும் என் கால்விரல்கள் தாமாகவே செருப்பை இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஜாலான் புசார் சாலையை ஒட்டியிருந்த எங்கள் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புறம், பேருந்து நிறுத்தத்துக்கு இறங்கும் ஆறு படிகள் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. மேலே கசிந்துகொண்டிருந்த ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி மூன்றாம் படியில் பச்சைப் பசேலென்று பாசி படர்ந்திருந்தது. அந்தப் படியின் விளிம்பும் ஒரு சாண் நீளத்துக்கு உடைந்து போயிருந்தது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. கட்டடத்துத் தமிழர்கள் அதற்கு 'வழுக்குப்படி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வேறு வழியில் போவதென்றால் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டு பத்து நிமிடம் நடக்க வேண்டும். காலை அவசரத்தில் யார் நடப்பார்கள்?

அப்போது எனக்குப் பதினொரு வயது. அம்மா தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் மசாலாப் பொட்டலம் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆங்கிலம் கேட்டால் அவருக்குப் புரியும். பேச வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே 'வழுக்குப்படி'யைப் பற்றி அதிகாரிகளிடம் சொல்லும் பொறுப்பு, வீட்டில் நன்றாக ஆங்கிலம் பேசிய ஒரே ஆளான என் தலையில் விழுந்தது. பள்ளி விட்டு வந்து, சீருடையைக்கூட மாற்றாமல், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, முடிவே இல்லாத இசையைக் கேட்டபடி நிற்பேன். அம்மா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்ப்பார். கட்டடத்தைக் கவனிக்கும் அலுவலகம், அந்தப் படிகள் சாலையோரத்தைச் சேர்ந்தவை என்றது. சாலையோரத்தைக் கவனிக்கும் அலுவலகம், படிகள் கட்டடத்தோடு ஒட்டியிருப்பதால் அது தங்கள் வேலை இல்லை என்றது. குழாய்க்கு மூன்றாவதாக ஓர் இடத்தில் கேட்கச் சொன்னார்கள். எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். எல்லாரும் ஒரு 'கேஸ் நம்பர்' கொடுத்தார்கள். என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க அந்த எண்களாக நிறைந்தது.

"இந்தப் படிக்கு அப்பன் ஆத்தா யாருன்னு முதல்ல கேளு," என்பார் அம்மா. அதை எப்படி ஆங்கிலத்தில் கேட்பது? "தேங்க் யூ" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

அந்த வருடம்தான் பள்ளியில் எங்களுக்கு அலுவல் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். தேதியை எங்கே போடுவது, எந்த வார்த்தையில் தொடங்குவது, எப்படிப் பணிவாக முடிப்பது என்பதெல்லாம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆசிரியை என் கடிதத்தை வகுப்பில் வாசித்துக் காட்டியதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. போன் வேண்டாம், நான் கடிதம் எழுதுகிறேன் என்று அம்மாவிடம் நானே சொன்னேன்.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லத் தொடங்கினார். "எழுது. நாலு மாசமா போன் பண்ணிக்கிட்டே இருக்கோம். உங்க வீட்டு ஆளுங்க இந்தப் படியில இறங்குவாங்களா? ஒருநாள் யாராவது விழுந்து எலும்பு ஒடியத்தான் போவுது. அப்பத்தான் வருவீங்களா? எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்மா," என்றேன்.

நான் எழுதியது வேறு. மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் கட்டடத்தின் பின்புறப் படிகளைப் பயன்படுத்துவதில் சற்றுச் சிரமம் ஏற்படுகிறது, தங்கள் வசதிப்படி இதைக் கவனித்தால் நன்றியுடையவளாக இருப்பேன் என்பதுதான் அந்த ஆங்கிலக் கடிதத்தின் பொருள். அம்மா சொன்னதை அப்படியே எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. நம்மை முரட்டு ஆட்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அடியில் தமிழில் தம் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். இப்படி மூன்று கடிதங்கள் போயின. மூன்றுக்கும் அழகான தாளில் பதில் வந்தது. உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம், உடனடி ஆபத்து ஏதும் தெரிவிக்கப்படாததால் அடுத்த வழக்கமான பராமரிப்பின்போது பரிசீலிப்போம் என்றது கடைசிக் கடிதம்.

"லெட்டர் வந்துச்சு. ஆள் வரலையே," என்றார் அம்மா.

ஒருநாள் ஆளும் வந்தார். உடைந்த விளிம்பைச் சுற்றி மஞ்சள் சாயத்தால் ஒரு வட்டம் போட்டார், படம் எடுத்தார், போய்விட்டார். நாளைக்கே வேலை தொடங்கிவிடும் என்று கட்டடமே பேசிக்கொண்டது. நாளை வந்தது, வாரங்கள் போயின, மஞ்சள் வட்டத்தின் மேலும் பாசி ஏறியது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஸ்டெல்லா ஆன்ட்டி தனியாக இருந்தார். கணவர் இறந்த பிறகு ரவிக்கை தைத்துக் கொடுத்தே வாழ்ந்தவர். தினமும் காலையில் பூசைக்குத் தேவாலயம் போவார். திரும்பி வந்ததும் அவருடைய தையல் இயந்திரம் ஓடத் தொடங்கும். தேக்காவில் சேலை வாங்கும் பெண்கள் பலர் அவரிடம்தான் அளவு கொடுப்பார்கள். அந்தத் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, தைத்து முடித்த ரவிக்கைகளை இரண்டு பைகளில் எடுத்துக்கொண்டு, விடிந்தும் விடியாத தூறலில் அவர் பேருந்துக்கு இறங்கினார். மூன்றாம் படியில் கால் வைத்தார்.

சத்தம் கேட்டு அம்மாவும் நானும் ஓடினோம். ஆன்ட்டி கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. வலது மணிக்கட்டு இருக்கக்கூடாத ஒரு கோணத்தில் திரும்பியிருந்தது. இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு, "ரவிக்கையெல்லாம் நனையுது, எடும்மா, சாயம் போயிரும்," என்றார் என்னிடம். நான் பொறுக்கினேன். சிவப்பும் பச்சையும் மாம்பழ மஞ்சளுமாக, ஒவ்வொன்றாக, பாசித் தண்ணீரிலிருந்து.

அந்த வாரமே அம்மா, வந்த பதில்களையும் நான் வைத்திருந்த கடித நகல்களையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் மாலைநேரக் கூட்டத்துக்குப் போனார். அடுத்த கட்டடத்தின் 'வாய்ட் டெக்'கில், அதாவது சுவரில்லாத கீழ்த்தளத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எண் அட்டை வாங்கிக் காத்திருந்தோம். முதலில் மனுவை எழுதிக்கொள்ள ஒரு தமிழ்த் தொண்டூழியர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட இளைஞர். அம்மா நடந்ததை மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அவர் கடிதங்களைப் புரட்டிப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆபத்துன்னு நீங்க எழுதவே இல்லையே. கொஞ்சம் சிரமமா இருக்கு, டைம் இருக்கும்போது பாருங்கன்னுதானே இருக்கு? மூணு லெட்டர்லயும் அதேதான்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் மேசைக்கு அடியில் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ இப்போது எல்லார் முன்னாலும் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"தம்பி, இப்ப நான் சொல்றத அப்படியே எழுதுங்க. ஒரு வார்த்தை மாத்தக்கூடாது," என்றார்.

வீட்டுக்குத் திரும்பினோம். மின்தூக்கிக்காக நின்றபோதுதான் சொன்னார்: "அழகாத்தான் எழுதியிருக்க. ஆனா அது என் லெட்டர் இல்ல, மாலதி."

நான்கே நாளில் ஆட்கள் வந்தார்கள். குழாயை அடைத்து, பாசியைச் சுரண்டி, விளிம்பைப் பூசி, வழுக்காத பட்டை ஒட்டி, எஃகுக் கைப்பிடி வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குள் போய்விட்டார்கள். ஒரு முழுக் காலைப்பொழுதுகூட ஆகவில்லை. என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது அதுதான். அத்தனை மாதம், அத்தனை எண்கள், மூன்று அலுவலகங்கள். வேலை என்னவோ அரை நாள் வேலை.

ஸ்டெல்லா ஆன்ட்டியின் கையில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது, பிடிப்பு வரவில்லை. கத்தரிக்கோல் பிடித்தால் விரல்கள் நடுங்கின. பாதி தைத்த ரவிக்கைகளை அம்மா வீடுவீடாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். சில மாதங்களில் ஆன்ட்டி இயந்திரத்தை யாருக்கோ கொடுத்துவிட்டு, மார்சிலிங்கில் தங்கை வீட்டோடு போய்விட்டார். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவரைப் பார்க்கப் போனபோது, அடுப்படியில் தனியாக இருந்த நேரத்தில், கடிதங்களில் நான் செய்ததைச் சொல்லி அழுதேன். அவர் இடது கையால் என் முகத்தைத் துடைத்தார்.

"போடி. நீ கோவமா எழுதியிருந்தா மட்டும் ஓடி வந்திருப்பாங்களா?"

ஆறுதலுக்காகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு இன்றுவரை தெரியாது. வந்திருப்பார்கள் என்றால் குற்றம் என்னுடையது. வந்திருக்கமாட்டார்கள் என்றால் அது அதைவிடக் கசப்பானது.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை. குடியிருந்தவர்களை வேறு வேறு பேட்டைகளுக்கு அனுப்பிவிட்டு இடித்துவிட்டார்கள். இடம் தகரத் தடுப்புக்குள் இருக்கிறது. அன்று நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கக் காத்திருந்த ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தன் வீட்டுக் கசிவைச் சொல்லி, அவர் வீட்டு எலித் தொல்லையைக் கேட்டு, இருவருமாகப் பொருமிக்கொண்ட அந்த வரிசையையும் என் தலைமுறையில் யாரும் தேடிப் போவதில்லை. எல்லாம் கைப்பேசிச் செயலியில் முடிந்துவிடுகிறது. போன மாதம், நாங்கள் இப்போது குடியிருக்கும் கட்டடத்தின் முன் நடைபாதையில் ஒரு சாக்கடை மூடி ஆடத் தொடங்கியது. கால் வைத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. பக்கத்திலேயே பாலர் பள்ளி. படம் எடுத்து, பிள்ளைகள் விழுவார்கள், ஆபத்து என்று எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: உரிய துறைக்கு அனுப்பப்பட்டுவிட்டது, உங்கள் புகார் முடிக்கப்பட்டது. கீழே ஐந்து நட்சத்திரங்கள்.

"இது என்னது?" என்று அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"திருப்தியா இருந்தா ஸ்டார் போடணுமாம், அம்மா."

"மூடிய சரி பண்ணிட்டாங்களா?"

"இல்ல. வேற ஆபிசுக்கு அனுப்பிட்டாங்களாம்."

"அப்புறம் எதுக்குடி ஸ்டாரு?"

அடுத்தடுத்து இரண்டு முறை அனுப்பினேன். இரண்டு முறையும் முடித்துவைத்தார்கள். மூன்றாம் நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பியபோது அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே இறங்கி வந்தார். முட்டிவலியோடு அந்த மூடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் வீட்டுக்குப் போகச் சொன்னேன், கேட்கவில்லை. எனக்கு நேரமாகிவிட்டது. நான் ஏறிய பேருந்து முனையில் திரும்பும்போது பார்த்தேன்: பள்ளிப் பையோடு ஓடிவந்த ஒரு சீனக் குழந்தையைக் கை நீட்டித் தடுத்து, ஓரமாகப் போகச் சொல்லி, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சத்தமாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.